கூண்டில் நின்றவர் யார்? 2024 ஆம் ஆண்டின் அமெரிக்கச் செனட் விசாரணை பற்றிய ஒரு நோக்கு

1

சட்டமன்றங்கள் நடத்தும் பகிரங்க விசாரணைகள் உண்மையைக் கண்டறிவதற்கான கருவிகள் என்பது பொதுவான கருத்து. அக்கருத்துத் தவறானதன்று, ஆயினும் முழுமையானதுமன்று. மக்கள் பார்த்திருக்க நடைபெறும் விசாரணை ஓர் ஆற்றுகையுமாகும். அதற்கு மேடையுண்டு, பாத்திரங்களுண்டு, வரவும் வசனமும் உச்சக்கட்டமும் உண்டு. எனவே ஒரு நாடகத்தை நோக்கி எழுப்பத்தக்க வினாக்களை அதனை நோக்கியும் எழுப்பலாம். எப்பிரச்சினை மேடைக்கு வந்தது, எது திரைக்குப் பின்னே விடப்பட்டது, பார்த்திருந்தோர் எவ்வுணர்வுடன் எழுந்து சென்றனர் என்பனவே அவ்வினாக்கள்.

2024 ஜனவரி 31 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் செனட் சபை நீதித்துறைக் குழு நடத்திய விசாரணை இத்தகைய நோக்குக்குப் பெரிதும் இடந்தருவது. இணையத்திற் சிறுவர் பாலியற் சுரண்டலுக்கு ஆளாவதே அதன் பொருள். பேஸ்புக், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை உடைமையாகக் கொண்ட மெட்டாவின் மார்க் சுக்கர்பேர்க், டிக்டொக்கின் ஷூ சீ சியூ, ஸ்னப்சட்டை நடத்தும் ஸ்னப் நிறுவனத்தின் எவான் ஸ்பீகல், டிஸ்கோர்ட்டின் ஜேசன் சிட்ரன், எக்ஸ் தளத்தின் லின்டா யக்கரினோ ஆகிய ஐவரும் சாட்சிகளாக அமர்ந்தனர். இவர்களுள் இறுதி மூவரும் அழைப்பாணையின் பேரிலேயே வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால், இறந்துபோன தம் பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்தியவாறு பெற்றோர் அமர்ந்திருந்தனர். பாதிக்கப்பட்டோரின் குரல்களைத் தாங்கிய ஒரு காணொளியுடன் தொடங்கிய விசாரணை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்தது.

மேடையமைப்பே ஒரு செய்தியைச் சொல்லிற்று. உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்தோர் நீதிபதிகளைப் போலவும், தாழ்ந்த மேசையில் இருந்தோர் எதிரிகளைப் போலவும் தோன்றினர். உண்மையிலோ இது நீதிமன்றமன்று. மேலே இருந்தவர்கள் தீர்ப்பு வழங்குவோரல்லர், சட்டம் இயற்றுவோர். இவ்வேறுபாடு மறக்கப்பட்டமையே அந்நாளின் வெற்றிக்கும் தோல்விக்கும் காரணமாயிற்று.

2

சாட்சிகளுள் அறுபது வயதான யக்கரினோ நீங்கலாக ஏனையோர் ஒப்பளவில் இளையவர்கள். ஸ்பீகலுக்கு வயது 33, சுக்கர்பேர்க்குக்கும் சிட்ரனுக்கும் 39, சியூவுக்கு 41. குழுவின் தலைவர் ரிச்சர்ட் டர்பின் எண்பதை அண்மித்தவர். மூத்த உறுப்பினர் சக் கிராஸ்லி தொண்ணூறு வயதினர். இரண்டு தலைமுறைகளின் மோதலாக இவ்விசாரணை தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மோதலுக்கு ஒரு முன்கதையுண்டு. 2018 ஏப்ரலில் சுக்கர்பேர்க் முதன்முறையாகக் கொங்கிரஸின் முன் தோன்றியபோது, பயன்படுத்துவோரிடம் பணம் பெறாத வணிகம் எவ்வாறு நிலைக்கின்றது என வினவினார் செனட்டர் ஒரின் ஹட்ச். விளம்பரங்களை வெளியிடுகிறோம் என்ற சுருக்கமான விடை உலகெங்கும் நகைப்பைத் தோற்றுவித்தது. முதியவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் விளங்கவில்லை என்பதே அன்றைய தீர்ப்பு. ஆறாண்டுகளின் பின்னர் நகைத்தோரின் முறை மாறிற்று. செனட்டர்கள் ஆவணங்களுடன் வந்திருந்தனர்; இளையவர்களே தடுமாறினர்.

எனினும் இரு காட்சிகளும் ஒரே நம்பிக்கையின் மீது எழுந்தவை என்பது கவனிக்கத்தக்கது. 2004 இல் பத்தொன்பது வயதில் பல்கலைக்கழக விடுதியறையிலிருந்து பேஸ்புக்கைத் தொடங்கிய இளைஞனின் கதை, தனிமனித மேதைமையின் புராணமாக நெடுங்காலம் போற்றப்பட்டது. 2024 இல் அதே புராணம் தலைகீழாக்கப்பட்டது. மேதை பொறுப்பற்றவனானான், துணிவு திமிராயிற்று. வரலாற்றை ஆக்குவது தனிமனிதனின் குணமே என்ற எடுகோள் மட்டும் இரண்டிலும் மாறவில்லை. புகழ்ச்சியும் வசையும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டன.

3

அந்நாளிற் பேசப்பட்டவற்றுட் பெரும் புகழ் பெற்றது செனட்டர் லிண்ட்சே கிரஹாமின் கூற்றாகும். சுக்கர்பேர்க்கையும் ஏனையோரையும் நோக்கி, உங்கள் கைகளில் இரத்தம் படிந்துள்ளது என்றார் அவர். அரங்கு கைதட்டிற்று, மறுநாட் பத்திரிகைகள் அதனையே தலைப்பாக்கின. ஆனால் அக்கூற்றுக்கு முன்னால் ஒரு சிறு தொடர் இருந்தது. அவ்வாறு நேரவேண்டும் என்று நீங்கள் எண்ணவில்லை என்பதை அறிவேன் என்பதே அது. கைதட்டலில் அத்தொடர் மூழ்கிப் போயிற்று.

விசாரணை முழுவதிலும் மிகுந்த உண்மை பொதிந்த சொற்கள் அவையே எனலாம். எவரும் எண்ணாமலே குழந்தைகள் இறக்கும் நிலை ஏற்படுமாயின், அத்தீங்கின் மூலத்தை எவருடைய உள்ளத்திலும் தேடிப் பயனில்லை. அதனை வேறிடத்திலே தேடவேண்டும். கிரஹாம் அக்கதவைத் திறந்தார். திறந்த மறுகணமே இரத்தம் படிந்த கைகளைச் சுட்டி அதனை மூடியும் விட்டார்.

செனட்டர் ஜோஷ் ஹோலியின் முறை வந்தபோது நாடகம் உச்சத்தை அடைந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கினீரா, மன்னிப்புக் கேட்டீரா என்று அவர் நெருக்க, சுக்கர்பேர்க் எழுந்து பின்புறம் திரும்பிப் பெற்றோரை நோக்கிப் பேசினார். நீங்கள் அனுபவித்த யாவற்றுக்காகவும் வருந்துகிறேன், உங்கள் குடும்பங்கள் பட்ட துன்பத்தை எவரும் படக்கூடாது என்பது அவர் கூற்றின் சாரம். இவ்வாக்கியங்களிலே துன்புற்றோர் உளர், துன்பமும் உண்டு. துன்பத்தைச் செய்த கருத்தா மட்டும் இல்லை. மழையாலோ வெள்ளத்தாலோ நேர்ந்த இழப்புக்கு அயலவர் ஒருவர் சொல்லும் ஆறுதலும் இவ்வாறே அமையும்.

ஸ்பீகலின் கூற்றும் இத்தகையதே. ஸ்னப்சட் வழியாகப் போதைப்பொருள் பெற்று உயிரிழந்த பிள்ளைகளின் பெற்றோரை நோக்கி, இத்துயரங்களைத் தம்மால் தடுக்க முடியாமற் போனமைக்கு வருந்துவதாக அவர் கூறினார். இங்கே கருத்தா தோன்றுகின்றார். ஆனால் தீங்கைத் தடுக்க முயன்று தோற்ற காவலனாகவே தோன்றுகின்றார். களத்தை அமைத்தவர் யார் என்ற வினா வாக்கியத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றது.

தனிமனிதரை மையப்படுத்தும் முறை எவ்வளவு தூரம் வழிதவற வல்லது என்பதைச் செனட்டர் டொம் கொட்டனின் விசாரணை காட்டிற்று. சியூ எந்நாட்டுக் குடிமகன், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினரா என்றெல்லாம் அவர் துருவினார். தான் சிங்கப்பூரைச் சேர்ந்தவன் என்று சியூ மீண்டும் மீண்டும் விடையளித்தார். சிறுவரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கூடிய மன்றத்தில் ஒருவருடைய பிறப்பும் குடியுரிமையும் விசாரணைப் பொருளாயின. ஆளைத் தேடப் புகுந்தால், அவன் அந்நியனாகவும் அமைந்துவிடின் தேடுவோர்க்கு அது வசதியாகிவிடுகின்றது.

4

எனவே, மேடைக்கு அப்பால் இருந்தது யாது என ஆராய்வது இன்றியமையாததாகின்றது. சமூக ஊடக நிறுவனம் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறுவதில்லை. அவர்களுடைய கவனத்தைத் திரட்டி விளம்பரதாரருக்கு விற்கின்றது. ஒருவர் எவ்வளவு நேரம் தங்குகின்றாரோ அவ்வளவுக்கு விற்பனைப் பண்டம் பெருகும். எதனைக் காட்டினால் அவர் மேலும் தங்குவார் என்று கணிக்கும் கணினி நிரல், முடிவின்றி உருளும் பக்கம், நள்ளிரவிலும் அழைக்கும் அறிவித்தல், விருப்பங்களின் எண்ணிக்கை ஆகியன யாவும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. பதின்மூன்று வயதுச் சிறுமிக்கும் ஐம்பது வயது வணிகருக்கும் இடையிலான வேறுபாடு இவ்வியந்திரத்துக்கு ஒரு தகவல் மட்டுமே.

இவ்வுண்மையும் அன்றைய விசாரணையிற் பல தடவை தலைகாட்டிற்று. பதின்மூன்று வயதுடைய ஒருவரின் வாழ்நாட் பெறுமதி ஏறக்குறைய 270 டொலர் எனக் கணித்த மெட்டாவின் உள்ளக ஆவணமொன்றைச் செனட்டர் மார்ஷா பிளக்பேர்ண் எடுத்துக்காட்டினார். இளையோரின் நலன் சார்ந்த பணிகளுக்குக் கூடுதல் ஆளணி வேண்டி 2021 இல் மெட்டாவின் உயர் அதிகாரி நிக் கிளெக் சுக்கர்பேர்க்குக்கு எழுதிய மின்னஞ்சல் வெளிப்படுத்தப்பட்டது, அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. சிறுவர் துர்நடத்தைப் படங்கள் இருக்கக்கூடும் என்று எச்சரித்துவிட்டு, ஆயினும் முடிவுகளைப் பார்க்கலாம் என்ற தெரிவையும் இன்ஸ்டகிராம் வழங்கியிருந்ததைச் செனட்டர் டெட் குரூஸ் காட்டி வெகுண்டார்.

இம்மூன்றும் ஒருவருடைய கொடுமைக்குச் சான்றுகள் போலத் தோன்றும். உண்மையில் அவை அதனினும் பாரதூரமானவை. ஒரு குழந்தையின் வாழ்நாளை 270 டொலர் எனக் கணித்த ஊழியர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. தமக்கு இடப்பட்ட கணக்கைச் சரியாகச் செய்தவராக இருந்தாற் போதும். கொடியவனை அகற்றலாம், கணக்கு அடுத்தவர் கையில் அப்படியே இருக்கும். பிள்ளைகள் அவர்களுக்கு முதன்மையல்லர், விற்பனைப் பொருளே என்று பிளக்பேர்ண் கூறியபோது இப்பொருளியல் உண்மையை மிக நெருங்கி வந்தார். ஆயினும் அதனையும் ஒரு மனிதர் மீதான வசையாகவே அவர் எறிந்தார்.

வேறொரு வழி இருந்தது என்பதற்கு அவ்விசாரணையே சான்று தருகின்றது. செனட்டர் ஏமி குளோபுச்சர், அதே மாதத் தொடக்கத்திற் பறந்துகொண்டிருந்த போயிங் விமானமொன்றின் கதவுப்பகுதி கழன்று வீழ்ந்ததை நினைவூட்டினார். அவ்வகை விமானங்கள் உடனடியாக நிறுத்தி வைக்கப்பட்டன. எவரும் அதனை ஆட்சேபிக்கவில்லை. அங்கே ஆணிகளும் பூட்டுக்களும் ஆராயப்பட்டன. நிறுவனத் தலைவர் நல்லவரா என்ற வினா விமானங்களை நிறுத்துவதற்குத் தேவைப்படவில்லை. இவ்வொப்புமை அந்நாளின் மிகத் தெளிவான சிந்தனையாகும். பத்திரிகைத் தலைப்புகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

நிறுவனங்கள் தரப்பின் வாதத்தையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். சமூக ஊடகத்துக்கும் இளையோரின் உளநலக் குறைவுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு அறிவியலாற் காட்டப்படவில்லை என்றார் சுக்கர்பேர்க். ஆய்வாளரிடையே இது குறித்து மெய்யான கருத்து வேறுபாடு நிலவுவது மறுக்க முடியாதது. ஆனால் 2023 மே மாதம் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரை வினாவை மாற்றியமைத்தது. சிறுவருக்குப் போதியளவு பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வர இயலாது என்பதே அவர் கூறியது. மருந்தொன்றை விற்பவர் அது தீங்கற்றது என்று காட்டவேண்டும். உண்டவர் தீங்கானது என்று நிரூபிக்கும்வரை காத்திருப்பதில்லை. நிரூபிக்கும் கடமை யாருடையது என்பதே அடிப்படை வினா. அது அறிவியலின் வினாவன்று, சட்டத்தின் வினா.

5

இவ்விடத்திலேதான் உயர்ந்த ஆசனங்களை நோக்க வேண்டியுள்ளது. 1996 இல் அமெரிக்கக் கொங்கிரஸ் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தை இயற்றிற்று. இணையத்தில் ஆபாசத்திலிருந்து சிறுவரைக் காப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். அச்சட்டத்தின் 230 ஆம் பிரிவு, பிறர் வெளியிடுபவற்றுக்குத் தளங்களை நடத்துவோரை வெளியீட்டாளராகக் கருதலாகாது என விலக்களித்தது. 1997 இல் உயர் நீதிமன்றம் சிறுவரைக் காக்கும் பொருட்டு இயற்றப்பட்ட முக்கிய ஏற்பாடுகளைப் பேச்சுரிமைக்கு முரணானவை எனக் கண்டு நீக்கிற்று. விலக்களித்த பிரிவு எஞ்சிற்று. குழந்தைகளுக்காகக் கட்டப்பட்ட வீட்டிற் குழந்தைகளின் அறை இடிக்கப்பட, நிறுவனங்களின் அறை மட்டும் நிலைத்தது.

1998 இல் இயற்றப்பட்ட சிறுவர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் பதின்மூன்று வயதை எல்லையாக வகுத்தது. பொதுவான தளங்களைப் பொறுத்தவரை, பயன்படுத்துவோர் அவ்வயதுக்குக் குறைந்தவர் என்பதை நிறுவனம் மெய்யாக அறிந்திருந்தாலே கடமை எழும் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே அறியாதிருப்பதே இலாபமாயிற்று. பிறந்த ஆண்டைப் பொய்யாக எழுதும் பத்து வயதுப் பிள்ளையும், அதனை நம்பும் நிறுவனமும் இச்சட்டத்தின் குழந்தைகளே.

டர்பின் தமது தொடக்கவுரையில் இதனை ஒப்புக்கொண்டார் என்பது நியாயமாகக் குறிப்பிடத்தக்கது. தொழில்நுட்ப நிறுவனங்கள் மட்டுமே இந்நிலைக்குப் பொறுப்பல்ல, கொங்கிரஸிலுள்ளோரும் கண்ணாடியில் தம்மைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். 230 ஆம் பிரிவையும் பெயர் சுட்டினார்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்றோருக்கு இவ்விடம் சிந்தனையைத் தூண்டும். இழந்தவள் அரசவைக்கு வந்து முறையிடுகின்றாள்; சிலம்பு உடைகின்றது; நீதி வழங்க அமர்ந்தவன் தவறிழைத்தவன் தானே என்று உணர்கின்றான். அவ்வுணர்வைத் தாங்கமாட்டாது உயிர் துறக்கின்றான். அக்காட்சியின் வலிமை கண்ணகியின் சினத்தில் மட்டும் தங்கியதன்று; குற்றம் ஆசனத்தின் மீதே இருந்தது என்ற கண்டுபிடிப்பில் தங்கியது. செனட் மண்டபத்திலும் இழந்தவர்கள் வந்திருந்தனர். நிழற்படங்களே அவர்களின் சிலம்பு. கண்ணாடியும் ஒரு கணம் உயர்த்தப்பட்டது. ஆனால் அது மீண்டும் கீழே வைக்கப்பட, சினம் முழுவதும் தாழ்ந்த மேசையை நோக்கித் திரும்பிற்று.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். மன்னிப்பின் மறுநாள் மெட்டா தனது வருமானக் கணக்கை வெளியிட்டு, முதன்முறையாகப் பங்கிலாபத்தையும் அறிவித்தது. பெப்ரவரி 2 ஆம் திகதி ஒரே நாளில் அதன் சந்தைப் பெறுமதி ஏறத்தாழ 197 பில்லியன் டொலரால் உயர்ந்தது. அதுவரை அமெரிக்கப் பங்குச் சந்தை கண்ட மிகப் பெரிய ஒருநாள் உயர்வு அதுவே. மேடையில் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றிய நிறுவனத்தின் மீது முதலீட்டாளரின் நம்பிக்கை இம்மியும் குறையவில்லை.

சட்டத் துறையில் எதுவுமே நிகழவில்லை என்பதும் பிழையாகும். 2024 மே மாதம், சிறுவர் சுரண்டல் பற்றி அறிவிக்கும் கடமையை விரிவாக்கி, சான்றுகளை ஓராண்டு பேணவும் வகைசெய்த சட்டம் கைச்சாத்தாயிற்று. 2025 மே மாதம், இணக்கமின்றி வெளியிடப்படும் அந்தரங்கப் படங்களை முறைப்பாடு கிடைத்து 48 மணி நேரத்துள் அகற்றச் சொல்லும் சட்டம் வந்தது. ஆயினும் இவை இயந்திரம் கக்கியதைத் துடைக்கும் சட்டங்கள். இயந்திரத்தின் அமைப்பைத் தொட முயன்ற சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டமூலம் 2024 ஜூலை 30 இல் 91 க்கு 3 என்ற வாக்குகளாற் செனட் சபையில் நிறைவேறிற்று. பிரதிநிதிகள் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அக்கொங்கிரஸின் காலத்துடன் அதுவும் மடிந்தது. 2025 ஜனவரி 20 இல் புதிய ஜனாதிபதி பதவியேற்றபோது, ஓராண்டுக்கு முன் வசைபாடப்பட்ட சுக்கர்பேர்க்கும் சியூவும் நாடாளுமன்றக் கட்டடத்துள் விருந்தினராக அமர்ந்திருந்தனர்.

6

இவ்வாறாயின் பகிரங்க விசாரணை பயனற்றதா என்ற வினா எழலாம். புகையிலை நிறுவனங்களின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தரும். 1994 ஏப்ரலில் ஏழு புகையிலை நிறுவனத் தலைவர்கள் கொங்கிரஸின் முன் சத்தியம் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்துவதெனத் தாம் நம்பவில்லை என்றனர். கைகளை உயர்த்தி நின்ற அவர்களின் படம் புகழ்பெற்றது. ஆனால் அப்படத்தால் மட்டும் எதுவும் மாறவில்லை. உள்ளக ஆவணங்கள் வெளிவந்தன. மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 1998 இல் 46 மாநிலங்களுடன் பெரும் இணக்கத் தீர்வு ஏற்பட்டது. 2009 இலேயே புகையிலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கிடைத்தது. காட்சி ஒரு நாளில் முடிந்தது. மாற்றம் பதினைந்து ஆண்டுகள் எடுத்தது. 2023 அக்டோபரில் நாற்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் மெட்டாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்குகள் இவ்வகையிற் கவனத்துக்குரியன. தளத்தின் வடிவமைப்பே சிறுவரைப் பிணிக்கின்றது என்பது அவற்றின் வாதம்.

பிற நாடுகளும் வெவ்வேறு வழிகளை நாடியுள்ளன. பிரித்தானியாவின் 2023 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனங்கள் மீது காப்புக் கடமையைச் சுமத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் சிறுவரின் தரவுகளைக் கொண்டு அவர்களை இலக்காக்கும் விளம்பரங்களைத் தடைசெய்தது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பைத் தளங்களிடமே விட்டு, தவறின் 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம் விதிக்க வகைசெய்தது. இவற்றின் குறைநிறைகள் விவாதத்துக்குரியன. குறிப்பாக வயதெல்லை என்பது வாயிலில் ஒரு காவலை நிறுத்துமேயன்றி உள்ளேயுள்ள இயந்திரத்தை மாற்றாது. எனினும் தலைவரின் நற்குணத்தை நம்பியிராத முறைகள் இவை.

சினம் வேறொரு திசையிலும் வழுவக்கூடும். செனட் விசாரணை நிகழ்ந்த அதே வாரத்தில், 2024 ஜனவரி 24 இல் 108 க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பெப்ரவரி 1 இற் சபாநாயகரின் சான்றுரையைப் பெற்றது. சிறுவர் துர்நடத்தை தொடர்பான ஏற்பாடும் அதில் உண்டு. ஆயினும் அதன் மையம், பொய்யான கூற்றுக்கள் எவை எனத் தீர்மானிக்கும் ஆணைக்குழுவேயாகும். பேச்சுரிமை இதனால் நசுக்கப்படும் எனப் பத்திரிகையாளரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தனர். இங்கே இயந்திரம் தொடப்படவில்லை, பேசுவோரே தொடப்பட்டனர். அமெரிக்கச் சட்டமூலத்தைக் குடியியல் உரிமை அமைப்புகள் சில எதிர்த்தமைக்கும் இத்தகைய அச்சமே காரணம். குழந்தையின் பெயரால் அரசு எதனைப் பெற்றுக்கொள்கின்றது என்பதும் விழிப்புடன் நோக்கவேண்டிய ஒன்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, 2024 ஜனவரி 31 ஆம் திகதியின் விசாரணை பொய்யானதன்று. ஆவணங்களை அது வெளிக்கொணர்ந்தது. பெற்றோரின் துயருக்கு நாடறிந்த அங்கீகாரத்தை அளித்தது. அதன் குறை பிறிதொன்று. அமைப்பின் தீங்கை ஆளின் பாவமாக அது மொழிபெயர்த்தது. பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டாற் போதும். அமைப்பை மாற்றச் சட்டம் வேண்டும். மன்னிப்பைக் கேட்டுப் பெறக்கூடியவர்களாகவும் சட்டத்தை இயற்றக்கூடியவர்களாகவும் இருந்தோர் எளிதானதைப் பெற்றுக்கொண்டு எழுந்து சென்றனர். நிழற்படங்களை ஏந்தி வந்த பெற்றோர் கேட்டதோ மற்றையதை.